உமையா திர்ஹத்தில் அரசர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி

உமையா (டமாஸ்கஸிலிருந்து ஆண்ட இஸ்லாமிய அரச மரபு) வெள்ளித் திர்ஹத்தில் மன்னர் பெயரைத் தேடிப் பயனில்லை. அது பொறிக்கப்படவே இல்லை. ஐந்தாம் உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77இல் தங்கத் தினாரிலிருந்தும், 79இல் திர்ஹத்திலிருந்தும் உருவங்களை நீக்கி எழுத்தை மட்டும் வைத்தார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் தினாரில் இருந்தது. திர்ஹங்களில் பழைய பாரசீகத்தின் சாசானியப் பேரரசர் குஸ்ரூவின் தலையே தொடர்ந்தது. மாற்றத்துக்குப் பின் அரசரை அறிய ஒரே வழி, விளிம்பில் உள்ள ஆண்டைப் படிப்பதுதான்.

முதலில் எடை போடுங்கள். 0.01 கிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். வெட்டுப்படாத திர்ஹம் சுமார் 2.9 கிராம், குறுக்களவு 25 முதல் 28 மில்லிமீட்டர். தினார் 4.25 கிராம், 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திர்ஹம் 2.5 கிராமுக்குக் கீழே போனால் ஓரத்தைப் பாருங்கள்: விளிம்பு எழுத்தின் தலைகள் வெட்டுப்பட்டிருந்தால் பழங்காலத்தில் வெள்ளியைச் சுரண்டியிருக்கிறார்கள். ஓரம் முழுசாக இருந்தும் எடை குறைந்தால் போலியா என்று பார்க்க வேண்டும். எழுத்துகளின் முனை மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்து, ஓரத்தைச் சுற்றி ஒரு கோடும் ஓடினால் அது அச்சடித்ததல்ல, வார்த்தது.

தினாருக்கு அடர்த்திச் சோதனை நன்றாக உதவும். மெல்லிய நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளையில் அடி தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கூடுதலால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல தங்கமாக இருந்தால் 4.25 கிராமுக்கு 0.22 கூடும். 0.01 பிசகினாலே விடை 18.5 முதல் 20.2 வரை ஆடும் என்பதால், காற்றுக்குமிழி ஒட்டாமல் சில முறை அளந்து சராசரி எடுங்கள். சுத்தம் செய்யப் பாலிஷ், சோடா, பல்துலக்கி எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஒற்றியெடுத்தால் போதும்.

அடுத்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். திர்ஹத்தின் நடுவே மூன்று வரி இருக்கும் பக்கம்தான் முன்பக்கம் (லா இலாஹ இல்லா / அல்லாஹ் வஹ்தஹு / லா ஷரீக லஹு). ஊரும் ஆண்டும் இதன் விளிம்பில் இருக்கும். பின்பக்கத்து நான்கு வரி குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயம். 'குல் ஹுவ' இல்லாமல் நேரே 'அல்லாஹு அஹத்' என்று தொடங்கும். பின்பக்க நடுவில் 'முஹம்மத் ரஸூலுல்லாஹ்' என்றிருந்தால் கையில் இருப்பது உமையாக்களுக்குப் பின் ஆண்ட அப்பாசியரின் நாணயம், ஹிஜ்ரி 132க்குப் பிந்தியது. தினாரில் இருபுறமும் மூன்று வரிதான். அதன் ஆண்டு இக்லாஸ் உள்ள பக்கத்து விளிம்பில் இருக்கும். ஊர்ப் பெயர் பெரும்பாலும் இராது.

விளிம்பு எழுத்தின் அடி நடுவை நோக்கியிருக்கும். ஆகவே வாசகம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். நீங்கள் நாணயத்தைக் கடிகாரத் திசையில் திருப்பிக்கொண்டே போக வேண்டும். விளக்கை மேலிருந்து அடிக்காமல் ஒரு பக்கமாக, தாழ்வாக வையுங்கள். 'பிஸ்மில்லாஹ், ளுரிப ஹாதத் திர்ஹம்' (இந்தத் திர்ஹம் அச்சடிக்கப்பட்டது) என்று தொடங்கி, 'பி' ('-இல்') சேர்ந்த ஊர்ப் பெயர், பிறகு 'ஃபீ ஸனத்' (ஆண்டில்), பிறகு ஆண்டு. அச்சு விலகி அடித்ததில் பாதி விளிம்பு போயிருந்தால் முதலில் 'ஃபீ ஸனத்' எங்கே என்று தேடுங்கள். முன்னால் ஊர், பின்னால் ஆண்டு.

அதிகம் சந்திக்கும் ஊர்கள் இரண்டு. திமிஷ்க் (டமாஸ்கஸ்) இரண்டு துண்டாக எழுதப்படும்: 'பி'யும் தால் எழுத்தும் ஒன்று, மீம்-ஷீன்-காஃப் எழுத்துகள் மற்றொன்று. வாஸித் மூன்று துண்டு, நடுவில் அலிஃப் தனியாக நிற்கும். 'பில்' என்று தொடங்கினால் பஸ்ராவாகவோ கூஃபாவாகவோ இருக்கலாம்.

சிக்கலெல்லாம் ஆண்டில்தான். எண்ணைச் சொல்லால், ஒன்றின் இடத்தை முதலில் வைத்து எழுதுவார்கள்: திஸ்உ வ ஸப்ஈன், அதாவது ஒன்பதும் எழுபதும், 79. கூஃபி என்ற இந்தப் பழைய அரபு எழுத்தில் புள்ளி பெரும்பாலும் கிடையாது என்பதால் ஏழும் ஒன்பதும், எழுபதும் தொண்ணூறும் ஒரே மாதிரி நான்கு பல்லாக (மேல்நோக்கிய சிறு கோடுகளாக) தெரியும். பல்லின் உயரத்தைப் பாருங்கள். முதல் பல் உயர்ந்திருந்தால் அது 'தா', எனவே ஒன்பது. நான்காம் பல் உயர்ந்திருந்தால் 'பா', எனவே ஏழு. தேய்ந்த நாணயத்தில் இந்த வித்தியாசம் மயிரிழைதான், பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் துணியாதீர்கள். எண்பதில் இந்தக் குழப்பம் வராது; 'ஸமானீன்' நடுவே மீமின் உருண்டை இருக்கும்.

இதைத் தவறாகப் படித்தால் அரசரே மாறிவிடுவார். 79 அப்துல் மலிக், 97 அவர் மகன் சுலைமான், 99 பெரும்பாலும் உமர் இப்னு அப்துல் அஸீஸ். ஊரை வைத்துச் சரிபாருங்கள்: வாஸித், ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் ஹிஜ்ரி 80களில் கட்டிய நகரம். 'வாஸித், 79' என்று படித்தால் அது 99 ஆகவோ 97 ஆகவோ இருக்கும், திரும்பப் பாருங்கள். 77 என்று தோன்றும் திர்ஹத்தையும் நம்பிவிட வேண்டாம்.

கிறிஸ்து ஆண்டுக்கு ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 621.5 கூட்டுங்கள். 79க்கு 698.1 வரும், அந்த ஆண்டு 698 மார்ச்சில் தொடங்கியது. ஹிஜ்ரி ஆண்டு அங்கே தொடங்கி மறு ஆண்டிலும் நீளுவதால் 698-699 என்றே குறியுங்கள்.

பிறகு ஆட்சிக்காலம்: அப்துல் மலிக் 65-86, முதலாம் வலீத் 86-96, சுலைமான் 96-99, உமர் 99-101, இரண்டாம் யஸீத் 101-105, ஹிஷாம் 105-125. நாணயத்தில் மாதம் இல்லாததால் எல்லை ஆண்டுகளில் தீர்ப்பு சொல்ல முடியாது. அப்துல் மலிக் இறந்தது 86 ஷவ்வாலில், ஆண்டின் பத்தாம் மாதம். ஆகவே 86 என்றிருந்தால் அவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சுலைமான் இறந்ததோ 99 ஸஃபரில், இரண்டாம் மாதம். பதிவுச்சீட்டில் இரு பெயரையும் எழுதி, வாய்ப்பு அதிகமுள்ளவரை முதலில் வையுங்கள்.