பார்சர் ஜெனரேட்டரில் இலக்கணக் குறிகளை எப்படி வைத்துக்கொள்வது?

சொந்தமாக ஒரு பார்சர் ஜெனரேட்டர் (இலக்கண விதிகளைக் கொடுத்தால், அதன்படி உள்ளீட்டைப் பகுக்கும் நிரலை உருவாக்கித் தரும் கருவி) எழுதத் தொடங்குபவர்கள் எல்லோரும் எல்ஆர் அட்டவணையை (பார்சர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டவணை) நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: இலக்கணத்தில் வரும் குறிகளை நிரலுக்குள் எந்த வடிவில் வைப்பது? டெர்மினலுக்கு (உள்ளீட்டில் நேரடியாக வரும் குறி) ஒரு கிளாஸ், நான்-டெர்மினலுக்கு (விதிகளால் விரியும் குறி) ஒரு கிளாஸ் என்று போக வேண்டாம். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சின்ன முழு எண் போதும். அந்த எண்களை எந்த வரிசையில் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம்.

0: தொடக்கம் → கோவை முடிவு
1: கோவை → கோவை + உறுப்பு
2: கோவை → உறுப்பு
3: உறுப்பு → உறுப்பு * காரணி
4: உறுப்பு → காரணி
5: காரணி → ( கோவை )
6: காரணி → எண்

முதலில் டெர்மினல்கள், இடைவெளி விடாமல்: முடிவு (உள்ளீடு முடிந்ததைக் காட்டும் குறி) 0, + 1, * 2, ( 3, ) 4, எண் 5. அப்புறம் நான்-டெர்மினல்கள்: தொடக்கம் 6, கோவை 7, உறுப்பு 8, காரணி 9. இனி ஒரு குறி டெர்மினலா என்று கேட்க, அது 6-ஐ விடச் சிறியதா என்று பார்த்தால் போதும். கோட்டூ அட்டவணையில் (ஒரு நான்-டெர்மினலுக்குப் பின் எந்த நிலைக்குப் போவது என்று சொல்வது) எந்தப் பத்தி என்று அறிய 6-ஐக் கழித்தால் போதும். பைசன், லெமன் என்ற பார்சர் ஜெனரேட்டர்கள் இரண்டுமே டெர்மினல்களை முன்னால் வைத்துத்தான் எண்ணுகின்றன.

ஆனால் இலக்கணக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெயர் எந்த வகை என்று தெரியாது. ஏதாவது ஒரு விதியின் இடப்பக்கம் வந்தால்தான் அது நான்-டெர்மினல். ஆகவே படிக்கும்போது தற்காலிக எண் கொடுங்கள். முழுவதும் படித்த பிறகு மறுபடி எண்ணுங்கள். லெமன் இதைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்துச் சமாளிக்கிறது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடே கிடையாது, அதனால் தமிழ்ப் பெயர்களை அனுமதிக்க நினைப்பவர்களுக்கு அந்த வழி உதவாது.

தமிழ்ப் பெயர் என்றால் இன்னொன்றும் உண்டு. ‘கோவை’யில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஹேஷ் டேபிளுக்கு இரண்டு வேறு பெயர்கள். பெயரைப் பதியும் இடத்திலேயே யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாக்குவது) மாற்றிவிடுங்கள்.

சரி, விதிகளுக்கு வருவோம். ஒவ்வொரு விதிக்கும் தனி அரே வேண்டாம். எல்லா வலப்பக்கங்களையும் ஒரே அரேயில் வரிசையாக ஊற்றி, ஒவ்வொன்றின் முடிவிலும் விதி எண்ணோடு 1 கூட்டி மைனஸ் போட்டு வையுங்கள் (விதி 0-க்கு மைனஸ் 0 என்று எழுத முடியாதே, அதற்காகத்தான் அந்த 1):

7 0 -1 7 1 8 -2 8 -3 8 2 9 -4 9 -5 3 7 4 -6 5 -7

பைசனின் உள்ளேயும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எல்ஆர்(0) ஐட்டம் (எதுவரை படித்தாயிற்று என்று ஒரு புள்ளியால் காட்டிய விதி) என்பது இப்போது இந்த அரேயில் ஒரு இடம், அவ்வளவுதான். ‘கோவை → கோவை • + உறுப்பு’ என்பது 4-ஆம் இடம் (0-விலிருந்து எண்ணி). அங்கே இருப்பது 1, அதாவது +. புள்ளியை நகர்த்த 1 கூட்டினால் போதும். எதிர்ம எண்ணில் வந்து நின்றால் அந்த விதியை ரெட்யூஸ் செய்ய (வலப்பக்கத்தை இடப்பக்கக் குறியாகச் சுருக்க) வேண்டும் என்று பொருள். பார்சரின் ஒரு நிலை என்பது இந்த இட எண்களின் வரிசைப்படுத்திய பட்டியல். இரண்டு நிலைகள் ஒன்றா என்று ஒப்பிடுவது சுலபம். முதல் நிலை 0, 3, 7, 9, 13, 15, 19 என்று வர வேண்டும். அங்கிருந்து ‘கோவை’ வழியாகப் போனால் 1, 4.

எப்சிலானுக்கு (வெறுமையைக் காட்டும் குறி) எண் கொடுக்காதீர்கள். வெற்று விதி என்றால் வலப்பக்கத்தில் எதுவும் இல்லை, எதிர்ம எண் மட்டும் இருக்கும். வெறுமையாகக்கூடிய குறியா என்பதைத் தனியாக ஒரு பூலியன் அரேயில் வையுங்கள். எப்சிலானை ஃபர்ஸ்ட் கணத்துக்குள் (ஒரு குறி எந்த டெர்மினல்களில் தொடங்கலாம் என்ற தொகுப்பு) விட்டால் ஒவ்வொரு சேர்ப்பிலும் அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். விடாவிட்டால், ஃபர்ஸ்ட் என்பது டெர்மினலுக்கு ஒரு பிட், சேர்ப்பது என்பது ஒரு ‘ஆர்’. இங்கே கோவை, உறுப்பு, காரணி மூன்றுக்கும் ‘(’, எண் இரண்டுதான் (3, 5-ஆம் பிட்கள்), அதாவது 8 + 32 = 40. உங்கள் நிரல் மூன்றுக்கும் 40 சொல்கிறதா என்று பாருங்கள்.

லெக்சர் (உள்ளீட்டை டோக்கன்களாக வெட்டித் தரும் பகுதி) கொடுக்கும் எண் வேறு, இந்த உள் எண் வேறு. பைசனில் + என்ற ஒற்றை எழுத்துக்கு வெளி எண் அதன் ஆஸ்கி மதிப்பான 43. பெயரிட்ட டோக்கன்கள் வழக்கமாக 258-இல் தொடங்கும். நடுவில் ஒரு மாற்று அட்டவணை வைத்து, வந்தவுடனே உள் எண்ணாக்கிவிடுங்கள்.

நீங்களே உருவாக்கும் குறிகளுக்கு (‘தொடக்கம்’, விதியின் நடுவில் வரும், பயனர் எழுதிய நிரல் துண்டான ஆக்‌ஷனுக்கான மறைமுகக் குறி) பயனர் எழுதவே முடியாத பெயராக வையுங்கள். பைசன் இதற்கு $ போட்ட பெயர்களைப் பயன்படுத்துகிறது. மற்றபடி பெயர்கள் தேவைப்படுவது அச்சிடும்போது மட்டுமே: எண்ணை இண்டெக்ஸாகக் கொண்ட ஒரு ஸ்ட்ரிங் அரே. ஐட்டத்தைப் புள்ளியோடு அச்சிடும் ஃபங்ஷனை முதல் வேலையாக எழுதிவிடுங்கள். கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரண்டு செயல்கள் சாத்தியமாகும் மோதல்) வரும் நாளில் ‘13, 15, 19’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.