கோரா கறிவேப்பிலை அல்ல: ஆப்பிரிக்க இசையையும் பாப்பையும் ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே படத்தில் சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

ரீ-ரெக்கார்டிங் முக்கால்வாசி முடிந்திருக்கும். அப்போதுதான் "இந்த இடத்துல கொஞ்சம் ஆப்பிரிக்கா ஃபீல் வேணும்" என்று ஒரு பேச்சு கிளம்பும். ஒரு ஜெம்பே லூப், பொருளில்லாத சொற்களைக் கத்தும் ஒரு கோரஸ் சாம்பிள், இரண்டையும் ஸ்ட்ரிங்ஸுக்கு மேல் தூவி மிக்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். தாளிப்பில் கறிவேப்பிலை போடுகிற மாதிரிதான். கேட்கிறவரும் அதைக் கறிவேப்பிலையாகவே ஒதுக்கிவைக்கிறார். ஆர்கெஸ்ட்ராவை முதலில் எழுதி, பாப் பாட்டை அடுத்து வைத்து, ஆப்பிரிக்கக் கலைஞரைக் கடைசியில் கூப்பிடும் இந்த வரிசையிலிருந்துதான் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

உருப்படியாக அமைந்த படங்களில் வரிசை தலைகீழ். 1994இல் வந்த 'தி லயன் கிங்' படத்துக்கு மெட்டு எல்டன் ஜான், வரிகள் டிம் ரைஸ், பின்னணி இசை ஹான்ஸ் ஸிம்மர். ஆனால் படத்தில் முதலில் காதில் விழும் மனிதக் குரல் சொவெட்டோவில் பிறந்த லெபோ எம் எழுப்பும் ஸூலு அழைப்பு: சிங்கம் வருகிறது என்கிற அறிவிப்பு. ஆங்கிலப் பாட்டு அதற்குப் பிறகுதான் நுழைகிறது. ஸிம்மரும் லெபோ எம்மும் 1992இலேயே 'தி பவர் ஆஃப் ஒன்' படத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். 2018இன் 'பிளாக் பேந்தர்' படத்துக்கு லுட்விக் யோரன்சன், ஸ்கோர் எழுதும் முன்பே செனகல் போய், பாடகர் பாபா மாலின் இசைப்பயணத்தில் கூடவே சுற்றினார். இரண்டு படங்களின் பின்னணி இசைக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

எந்த ஆப்பிரிக்கா?

ஜெம்பே கினி, மாலி பக்கத்து மாண்டே மக்களின் முரசு. 21 தந்திகள் கொண்ட கோரா மாலி, கினி, செனகல், காம்பியா வட்டாரத்தது. கட்டைவிரலால் மீட்டும் எம்பிரா ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடையது. பேஸ் குரல்கள் குவிந்த இசிகதாமியா கோரஸ் தென்னாப்பிரிக்க ஸூலுக்களுடையது. திரையில் கென்யப் புல்வெளி, காதில் கோரா என்றால், டக்காரிலிருந்து நைரோபி வரை ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாவிவிட்டீர்கள் என்று பொருள்.

கலக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 'தி லயன் கிங்' படத்திலேயே சிம்பா, ரஃபிகி எல்லாம் சுவாஹிலிச் சொற்கள், கோரஸோ ஸூலு. 'பிளாக் பேந்தர்' நடக்கும் வகாண்டா கற்பனை நாடு என்பதால் யோரன்சனுக்கு இன்னும் சுதந்திரம் இருந்தது. ஆனாலும் அவர் வாத்தியங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். நாயகன் டி'சாலாவுக்கு மஸ்ஸாம்பா ஜோப் வாசித்த தாமா என்ற முரசு, வில்லன் கில்மாங்கருக்கு ஃபுலா புல்லாங்குழலும் 808 டிரம் மெஷின் பீட்டும். எந்தப் பாத்திரத்துக்கு எந்த ஊர் ஒலி என்று ஒரு தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்னால் லூப் தேடும் நேரத்தில் பாதி மிச்சமாகும்.

தாமா நமக்கு அந்நியம் இல்லை. இடுப்பு ஒடுங்கிய உடலும், கயிற்றை இறுக்கினால் ஏறி விட்டால் இறங்கும் சுருதியும் நம் உடுக்கையிலும் உண்டு. தாமா பேசும் வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் ஏற்ற இறக்கத்தை அதால் சொல்ல முடியும். 'பிளாக் பேந்தர்' படத்தில் அது நாயகனின் பெயரையே சொல்கிறது. அதை வெறும் தாள லூப்பாக நான்கு பார் வெட்டி ஒட்டினால், ஒருவர் பேச்சின் நடுவிலிருந்து அரை வாக்கியத்தைப் பிய்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற கதைதான்.

'ஒன்று' எங்கே விழுகிறது?

அதிகம் சறுக்கும் இடம் இது. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக கானா–டோகோ பகுதி எவே மக்களிடம், இரும்பு மணியில் அடிக்கும் ஒரு புகழ்பெற்ற சுழற்சி இருக்கிறது. மொத்தம் 12 மாத்திரை, அதில் ஏழு அடி: 1, 3, 5, 6, 8, 10, 12. ஆடுகிறவரின் கால் விழுவது 1, 4, 7, 10இல்.

நம்மவர்களுக்கு இது ஒன்றும் மலை அல்ல. நான்கு எண்ணிக்கைத் தாளம், திஸ்ர நடை. 'தகிட' என்று நான்கு முறை சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் காலைத் தட்டுங்கள். மணியடி விழும் எழுத்துகள்: த, ட, கி, ட, கி, த, ட. காலோடு ஒத்துப்போவது முதல் 'த'வும் நான்காவது 'த'வும் மட்டுமே. நடுவில் இருக்கும் இரண்டு கால்தட்டுக்கு மணி வாய் திறப்பதே இல்லை.

தவறு எப்படி நுழைகிறது என்றால், முதல் மூன்று அடியும் 1, 3, 5 என்று இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியில் இருப்பதால், காது அதையே அடிப்படை நடை என்று பிடித்துக்கொள்கிறது. 12ஐ ஆறு இரண்டாக எண்ணி, ஸ்ட்ரிங்ஸின் கார்டு மாற்றத்தை அந்தக் கணக்கில் வைத்துவிடுவார்கள். மணி ஒரு பக்கம் இழுக்கும், செல்லோ ஒரு பக்கம் இழுக்கும். இயக்குநர் "ஏதோ நொண்டுது" என்பார். உடனே பழி தாள வாத்தியத்தின்மேல் விழுந்து, அதை மிக்ஸில் அமுக்கிவிடுவார்கள்.

இன்னொரு பொறி சாம்பிள் தொகுப்பில் இருக்கிறது. லூப்பின் தொடக்கம், வெட்டியவர் கத்திரி வைத்த இடம். அது சமமாக, அதாவது தாளச் சுழற்சியின் முதல் எண்ணிக்கையாக, இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பல பகுதிகளுக்கு எடுப்பே (தொடங்கும் இடமே) சமத்துக்கு முன்போ பின்போதான். நேரடிப் பதிவு என்றால் எளிய வழி ஒன்று உண்டு. வாசிப்பவரின் காலை, அல்லது அவரோடு ஆடத் தெரிந்த ஒருவரின் காலை, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எந்தச் சந்தேகத்துக்கும் அந்தப் பாதம்தான் சாட்சி.

அடுத்தது குவாண்டைஸ், அதாவது அடிகளைக் கணினி சமக் கட்டங்களுக்கு இழுத்து நேராக்குவது. மாலி ஜெம்பே வாசிப்பில் ஒரு எண்ணிக்கைக்குள் வரும் உட்பிரிவுகள் சமமானவை அல்ல. குட்டை, நெட்டை என்று ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும். அது கை தவறியதல்ல, அதுதான் அந்தத் தாளத்தின் நடை. நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்தால் நடை செத்து, தையல் மெஷின் மிஞ்சும். செய்யவேண்டியது இதுதான்:

முதலில் மணியையும் துந்துன் என்கிற பெரிய முரசையும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை க்ளிக் (மெட்ரோனோம் தட்டு) கொடுத்து வேகத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடலாம். அந்தப் பதிவில் ஒவ்வொரு பாரின் சமத்திலும் ஒரு குறி வைத்து டெம்போ மேப் (பாருக்குப் பார் வேகக் குறிப்பு) செய்யுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கான க்ளிக் அந்த மேப்பிலிருந்து வரட்டும். காட்சிக்கு நேரம் பூட்டியாகிவிட்டது, க்ளிக் இல்லாமல் முடியாது என்றால், பாருக்கு நான்கு க்ளிக் மட்டும் கொடுங்கள். உட்பிரிவுக்கு மெஷின் ஷேக்கர் ஓடவிட்டால் வாசிப்பவர் அதைத் துரத்துவார், குட்டை நெட்டை மறைந்துவிடும்.

பாப் பகுதிக்கும் இதே கணக்கு. இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் வைப்பதால் குடி முழுகாது. குடியைக் கெடுப்பது நேர்கோட்டில் ஓடும் ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு); திஸ்ர நடைக்கு மேல் அது சதுரத்தை, அதாவது நான்கு நான்கான கணக்கை, ஆணியடித்து வைக்கிறது. கீழே 100 ஹெர்ட்ஸுக்கு அடியில் துந்துன், 808, டபுள் பேஸ், டிம்பனி நான்கும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். ஒரு பகுதிக்கு ஒருவரையே உட்கார வையுங்கள்.

சுருதி: 343 என்ற எண்

மொஸாம்பிக்கின் சோப்பி மக்கள் வாசிக்கும் திம்பிலா என்ற மரக்கட்டை வாத்தியக் குழுவில், ஒரு ஸ்தாயி கிட்டத்தட்ட ஏழு சம பங்காகப் பிரிக்கப்படுகிறது. சுருதியை அளக்கும் அலகான சென்ட்டில் ஸ்தாயிக்கு 1200 என்றால், ஒரு படி சுமார் 171 சென்ட். பியானோவில் ஒரு முழுச்சுரத் தாவல் 200, அரைச்சுரம் 100. ஆக இரண்டு படி ஏறினால் சுமார் 343 சென்ட். சாதாரண காந்தாரத்தின் 300க்கும் அந்தர காந்தாரத்தின் 400க்கும் நடுவே, கிட்டத்தட்ட பாதி வழியில் நிற்கிறது அது. இதற்கு மேல் வயலின்கள் மேஜர் கார்டைப் பிடித்தால் 57 சென்ட் இடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து "வாத்தியம் சுருதி சேரலை" என்று முடிவுகட்டி, ஆட்டோ-டியூனில் போட்டு இழுப்பதுதான் அடுத்த தவறு.

கணக்கைத் தொடர்ந்தால் வழியும் கிடைக்கிறது. மூன்று படி 514 சென்ட். மத்யமத்தின் 500க்கு 14 தள்ளி. நான்கு படி 686. பஞ்சமத்தின் 700க்கும் 14 தள்ளி. இந்தச் சிறு வித்தியாசத்தை வயலின்காரர்கள் விரலிலேயே சரிசெய்துகொள்வார்கள். ஆகவே ஸ்ட்ரிங்ஸுக்கு ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் மட்டும் எழுதி, காந்தாரத்தை திம்பிலாவிடமே விட்டுவிடுங்கள். கார்டு காலியாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம், அந்த இடத்தை நிரப்பத்தான் வாத்தியம் இருக்கிறது.

எம்பிராவுக்கோ ஒரே சுருதிக் கணக்கு கிடையாது, செய்பவருக்குச் செய்பவர் மாறும். மெட்டுப் போடும் முன் அதன் ஒவ்வொரு உலோக நாவையும் தனியாக மூன்று விநாடி பதிவு செய்து, ட்யூனரில் பார்த்துச் சென்ட் கணக்கைப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலை. கோராவுக்கு ஸ்கேல் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பழைய பாணிக் கோராவில் தந்திகள் தோல் வளையத்தில் கட்டப்பட்டவை. பாடகருக்காகப் பாட்டை அரைக்கட்டை ஏற்றினால் 21 தந்தியையும் மறுபடி கூட்டவேண்டும். ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

இரைச்சலையும் தொடாதீர்கள். எம்பிராவில் சோடா மூடியோ கிளிஞ்சலோ கட்டியிருப்பதும், பலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியத்தின் குடுக்கைத் துளைகளில் சவ்வு ஒட்டியிருப்பதும் அந்த 'கிர்ர்' ஒலிக்காகவே. ஃபுலா புல்லாங்குழல்காரர் ஊதும்போதே குழலுக்குள் பேசுவார், முனகுவார், கத்துவார். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டுத் துடைத்தால் வாத்தியத்தில் பாதி போய்விடும்.

குரலும் சொல்லும்

ஸூலு சுரமொழி, ஒரே அசையை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு. மெட்டை முடித்துவிட்டு வரி வாங்கினால், சொல் இறங்கும் இடத்தில் மெட்டு ஏறும். வரியைப் பாடகர் முதலில் பேசிக் காட்டட்டும். அந்தப் பேச்சின் மேடுபள்ளத்திலிருந்து மெட்டு பிறக்கட்டும். சுவாஹிலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும், அந்த அசை வலுவான எண்ணிக்கையில் உட்கார்ந்தால் போதும்.

ஸூலுவின் சொடுக்கொலிகள் மூன்று. ஒன்று நாம் 'உச்'சுக் கொட்டும்போது பல்லுக்குப் பின்னால் எழும் அதே ஒலி. இன்னொன்று மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்புவது. மூன்றாவது நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குவது. இவற்றைக் 'க' என்று பாடும் கோரஸ், 'தமிழ்' என்பதை 'தமில்' என்று பாடுவதற்குச் சமம்.

கோரஸை நான்கு குரலுக்கும் சம எண்ணிக்கையில் ஆள் போட்டு நிரப்புவது தேவாலயப் பழக்கம். இசிகதாமியா குழுவில் மேல் குரல்களுக்குக் குரலுக்கு ஒருவர், மீதிப் பேர் எல்லாம் பேஸ். பத்துப் பேர் என்றால் ஏழு பேர்வரை கீழே. முன்பாட்டுக்காரர் முடிக்கும் முன்பே பதில் தொடங்கிவிடும். நடுவே ஒரு பார் மௌனம் விட்டு எழுதினால் உயிர் போய்விடும். இந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் நான்கு கார்டுச் சுழற்சிக்கு முடிவும் கிடையாது. எட்டாவது பாரில் பிராஸ் வந்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டால், மறுபடி சுற்றக் காற்று இருக்காது.

பாப் பாட்டுக்குத் தனிப் பதிப்பு

காட்சிக்கும் வானொலிக்கும் ஒரே பதிப்பு போதும் என்று நினைப்பது சிக்கனம்போலத் தெரியும். 'தி லயன் கிங்' ஆல்பத்தில் மூன்று பாடல்களுக்கு எல்டன் ஜான் பாடிய பதிப்பு தனியாகவே இருக்கிறது; படத்தில் 'சர்க்கிள் ஆஃப் லைஃப்' பாடியவர் கார்மன் ட்விலி. 'பிளாக் பேந்தர்' படத்துக்கு கென்ட்ரிக் லமார் தொகுத்த பாடல் ஆல்பம் ஒன்று, ஸ்கோர் ஆல்பம் வேறொன்று.

பெயரும் பணமும்

1939இல் ஜோஹானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா 'எம்பூபே' பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அதில் வரும் 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்', அமெரிக்காவில் தவறாகக் கேட்கப்பட்டு 'விமோவே' ஆனது; 1961இல் ஆங்கில வரிகளோடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆனது. லிண்டா 1962இல் இறந்தார். 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில், ஆசிரியர் இறந்து 25 ஆண்டு கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தக் கணக்கில் 1987. 'தி லயன் கிங்' படத்தில் அந்தப் பாட்டு வந்ததை வைத்து 2004இல் குடும்பத்தின் சார்பில் டிஸ்னிமீது வழக்கு, 2006இல் சமரசம்.

'பாரம்பரியப் பாடல்' என்று எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம். பாரம்பரியமானது எது, பாடகர் ஸ்டூடியோவில் அந்த நேரத்தில் கட்டியது எது என்பதை மைக்கை அணைக்கும் முன்பே அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் கட்டிய அழைப்பு கியூ ஷீட்டில் (படத்தில் வரும் இசையின் பட்டியலில்) 'கோரஸ்' என்று போனால் ஒருநாள் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். இசையமைப்பில் பங்கு என்று போனால்தான் படம் ஒளிபரப்பாகும்போதெல்லாம் ராயல்டி போய்ச் சேரும். பங்கு எத்தனை சதவீதம் என்பதும், பெயரின் எழுத்துக்கூட்டலும் அதே தாளில், அவர் கையெழுத்துக்கு மேலே இருக்கட்டும்.