நீதவான் நீதிமன்ற வழக்குக்குச் சட்டத்தரணி பிடிக்கும்போது

வீட்டில் ஒருவரைப் பொலிஸார் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் முதலில் அறிய வேண்டியது எந்தப் பொலிஸ் நிலையம், என்ன குற்றச்சாட்டு என்ற இரண்டையும்தான். பொலிஸ் நிலையம் தெரிந்தால் நீதிமன்றமும் தெரிந்துவிடும். யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. சுன்னாகம் பொலிஸார் பிடித்தால் மல்லாகம், நெல்லியடி என்றால் பருத்தித்துறை, கொடிகாமம் என்றால் சாவகச்சேரி. எந்த நீதிமன்றம் என்று தெரியாமல் சட்டத்தரணியைத் தேடப் புறப்பட்டால் அரைநாள் வீணாகும். அந்த அரைநாளை வீணாக்க முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, சாதாரண வழக்கொன்றில் பிடியாணை இல்லாமல் கைதுசெய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் முற்படுத்த வேண்டும். சட்டத்தரணி அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரக் கைதில் இது இன்னும் இறுகும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் சந்தேகநபரை நீதவானின் அல்லது பதில் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்துவார்கள். நேரம் முன்கூட்டி நிச்சயமாகத் தெரியாது. திங்கட்கிழமை பார்ப்போம் என்று வீட்டார் இருந்துவிட்டால், பிணை கேட்க ஆளில்லாமல் விளக்கமறியல் கட்டளை ஆகிவிடும். விளக்கமறியல் தவணை 14 நாள்வரை போகலாம். ஐந்து நிமிட விண்ணப்பம் ஒன்றுக்கு ஆள் இல்லாத குறைக்காக இரண்டு கிழமை சிறையில் கிடக்க நேரும். கைதான ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற துரித இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

பொலிஸ் நிலையத்துக்கே சட்டத்தரணியை அனுப்பலாம். கட்சிக்காரர் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கான விதிகள் 2012இல் வர்த்தமானியில் வெளிவந்தவை. பிணையில் விடத்தக்க குற்றமென்றால் பொலிஸ் நிலையத்திலேயே பிணை பெற்று, அன்றைக்கே வீட்டுக்கு வரவும் வழியுண்டு.

வாக்குமூலம் எழுதும்போது கவனிக்க வேண்டியதைச் சட்டத்தரணி வரும் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. பலர் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "பொலிஸில சொன்னது ஒண்டும் செல்லாது" என்று நம்பிவிடுகிறார்கள். 27ஆம் பிரிவை அவர்கள் அறிவதில்லை. "வாளைக் கிணற்றடி வாழைக்குள் வைத்தேன்" என்று சொல்லி, அங்கே வாள் எடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய பகுதி சாட்சியமாகும். சாட்சிக்கூண்டில் ஏறி வேறுவிதமாகச் சொன்னால், முதல் வாக்குமூலத்தைக் காட்டி முரண்பாடும் பிடிப்பார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாக ஏற்கப்படலாம். வாக்குமூலம் விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

யாரைப் பிடிப்பது

எங்கள் ஊரில் அநேக குடும்பங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி காணி உறுதி முடித்துத் தந்த நொத்தாரிசுதான். சட்டத்தரணிகளில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டு வகையினர் இருந்த காலம் 1974 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. இன்று எல்லோரும் சட்டத்தரணிகள், எல்லோரும் எந்த மன்றிலும் தோன்றலாம். ஆனால் தோன்ற முடிவது ஒன்று, அந்த வேலையை அன்றாடம் செய்வது இன்னொன்று. உறுதி எழுதுவதில் கெட்டிக்காரரான ஒருவருக்கு, பி அறிக்கையில் (பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் வழக்கறிக்கை) எந்தப் பிரிவு பிழையாகப் போடப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படாமல் போகலாம். பிணை கிடைப்பதும் கிடைக்காததும் பலநேரம் அந்தப் பிரிவிலேயே தங்கியிருக்கிறது.

ஆகவே தேட வேண்டியவர், உங்கள் வழக்குப் போகும் அதே நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகளில் வாரத்தில் பல நாள் நிற்பவர். நேரம் இருந்தால் ஒரு காலைப்பொழுது திறந்த மன்றில் போய் இருந்து பாருங்கள். யாருக்கும் போகலாம். கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, பின் வாங்கில் அமைதியாக இருந்தால் போதும். வழக்குக் கூப்பிட்டதும் ஆயத்தமாக எழும்புபவர் யார், கோவையை அப்போதுதான் புரட்டுபவர் யார், நீதவான் கேள்வி கேட்டால் நேரான பதில் சொல்பவர் யார் என்பது இரண்டு மணித்தியாலத்தில் விளங்கிவிடும். குரலை உயர்த்துபவர்தான் கெட்டிக்காரர் என்று எடைபோட வேண்டாம். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் நடப்பதை நீங்களே பின்தொடரலாம்.

நீதிமன்ற வாசலில் நின்று "நான் ஆளைப் பிடித்துத் தாறன்" என்பவரையும், பொலிஸ் நிலையத்தில் இருந்து ஒரு குறிப்பிட்ட பெயரைச் சொல்லி அனுப்புபவரையும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கு எதிராக வழக்குக் கொண்டுவரும் தரப்பு சொன்ன ஆளிடம் முழு உண்மையையும் மனம்விட்டுச் சொல்ல உங்களால் முடியாது. நீதவானைத் தனக்குத் தெரியும், விடுதலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் அந்த அலுவலகத்தை விட்டு உடனே எழும்புங்கள். உண்மையான சட்டத்தரணி எவரும் முடிவுக்கு உத்தரவாதம் தரமாட்டார்.

யாழ்ப்பாணம் சிறிய இடம் என்பதால் வரும் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் தேடிப் போகும் சட்டத்தரணி முறைப்பாட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருக்கலாம், அல்லது அவருடைய காணி வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் வார்த்தையிலேயே மற்றத் தரப்பின் பெயரையும் ஊரையும் சொல்லி, தொடர்பு ஏதும் உண்டா என்று கேளுங்கள். கோயில் திருவிழாச் சண்டை, விளையாட்டுக்கழகச் சண்டை போன்றவற்றில் ஐந்தாறு பேர் ஒன்றாகப் பிடிபடும்போது, செலவு குறையும் என்று எல்லோருக்கும் ஒரே சட்டத்தரணியைப் போடுவார்கள். பிணை எடுக்கும்வரை அது சரிவரும். விளக்கம் (சாட்சி விசாரணை) தொடங்கியபின் முதலாம் எதிரியின் நிலைப்பாடு "நான் அங்கே நிற்கவில்லை" என்றும், மூன்றாம் எதிரியின் நிலைப்பாடு "அடித்தது முதலாம் ஆள்" என்றும் இருந்தால் ஒரே ஆள் இருவருக்கும் வாதாட முடியாது. அப்படிப் பிரியக்கூடிய வழக்கென்றால் முதலிலேயே வேறு வேறு ஆட்களைப் பிடிப்பது மேல்.

முதல் சந்திப்பு

பி அறிக்கை இலக்கம் அல்லது வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி, பொலிஸ் தந்த துண்டு, அடையாள அட்டைப் பிரதி, காயம் இருந்தால் வைத்தியசாலைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். சிசிரிவி காட்சி இருக்கக்கூடிய கடை அல்லது வீடு எதுவென்றும் அன்றைக்கே சொல்லுங்கள். பல கமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். நடந்ததை நேர ஒழுங்கில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

எழுதுவது சம்பவத்தில் நின்றவராக இருக்க வேண்டும். கனடாவில் இருந்து காசு அனுப்பும் தமையன் வட்ஸ்அப்பில் சட்டத்தரணிக்குக் கதை சொல்வதும், அம்மா வேறொன்று சொல்வதும், எதிரி சிறைக்குள் மூன்றாவது ஒன்று சொல்வதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. காசு யார் கொடுத்தாலும் கட்சிக்காரர் எதிரிதான். சட்டத்தரணி சிறைக்குப் போய் அவரிடமே நேரில் கேட்பாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதகமான விஷயத்தை மறைக்க வேண்டாம். முன்பு ஒரு வழக்கு, முன்பு ஒரு குற்றத் தீர்ப்பு, முறைப்பாட்டுக்காரருக்கு அனுப்பிய கோபமான குறுஞ்செய்தி எல்லாம் பொலிஸ் கையில் எப்படியும் கிடைக்கும். தொழில்முறையில் சொன்னதைச் சட்டத்தரணி உங்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாதென்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. இனிச் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிறகு கட்டணம். இரண்டு முறைகள் நடைமுறையில் உண்டு: ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக, அல்லது வழக்கு முடியும்வரை ஒட்டுமொத்தமாக. நீதவான் மன்றில் சாட்சி வராதது, அறிக்கை வராதது என்று தவணை போய்க்கொண்டே இருக்கும். தவணைக் கணக்கில் பேசினால், எதுவும் நடக்காமல் திகதி மட்டும் போடும் நாளுக்கு எவ்வளவு, சாட்சி விசாரிக்கும் நாளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒட்டுமொத்தம் என்றால் எதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று கேளுங்கள். மேல் நீதிமன்றப் பிணை விண்ணப்பமும் மேன்முறையீடும் பெரும்பாலும் அதற்குள் வராது. மன்றில் நிற்கப்போவது தானா, கனிஷ்ட சட்டத்தரணியா என்பதையும் அப்போதே தெளிவாக்கி, பேசிய தொகையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

பிணை

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதையே பொது விதியாக வைக்கிறது. மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும்: ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், பிணையில் இருக்கும்போது வேறு குற்றம் செய்வார் என்பன போன்றவை. கொலைக் குற்றச்சாட்டிலும், பாரதூரமான போதைப்பொருள் குற்றச்சாட்டிலும் நீதவானுக்குப் பிணை கொடுக்க அதிகாரம் இல்லை. மேலே போக வேண்டும். நீதவான் மன்றிலேயே பிணை எடுத்துத் தருவதாகச் சொல்லி இவற்றுக்குக் காசு வாங்குபவரிடம் ஏமாறாதீர்கள். பிணையில் விட முடியாத குற்றத்துக்குக் கைதாகலாம் என்ற நியாயமான அச்சம் முன்கூட்டியே இருந்தால், கைதுக்கு முன்பே நீதவானிடம் முற்பிணை கேட்க அதே சட்டத்தில் வழியுண்டு.

பிணை கிடைத்தும் அன்றைக்கு வெளியே வர முடியாமல் போவது பிணையாளரால்தான். சரீரப் பிணைக்கு (காசு கட்டாமல் ஆள் பொறுப்பில் எடுக்கும் பிணை) வருபவர் அடையாள அட்டையோடும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழோடும் காலையிலேயே மன்றில் நிற்க வேண்டும். சில கட்டளைகளில் சம்பளச் சான்று அல்லது சொத்து விபரமும் கேட்கப்படும். இருவர் தேவை என்றால் மூவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவரின் கடிதத்தில் ஏதாவது குறை இருக்கும். எதிரி தவணைக்கு வராவிட்டால் தொகைக்குப் பொறுப்பு தாங்கள்தான் என்பதைப் பிணையாளருக்கு முன்பே விளக்கிச் சொல்லுங்கள். எதிரிக்குச் சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழைத் தவணைக்கு முன்பே சட்டத்தரணியிடம் சேர்ப்பியுங்கள். தவறினால் பிடியாணைதான். தவணையை முன்னுக்கு எடுக்க வேண்டுமென்றால் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (மன்றுக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போடுவார்.

"ஒப்புக்கொண்டால் முடிந்துவிடும்" என்றால்

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற ஆலோசனை பல வாய்களில் இருந்து வரும். வழக்கு அன்றைக்கு முடியும். தீர்ப்போ பதிவில் இருக்கும், பிறகு வெளிநாட்டு விசாவுக்கோ வேலைக்கோ பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது வெளியே வரும். இருபது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விலை. ஒப்புக்கொள்ள முன் சட்டத்தரணியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முறைப்பாட்டுக்காரருடன் இணக்கமாக முடிக்கக்கூடிய குற்றமா? மத்தியஸ்த சபைக்குப் போகக்கூடியதா? நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றவாளியாகப் பதியாமல் நிபந்தனையோடு விடுவிக்கும்படி கேட்க இடமுண்டா? இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் ஒப்புக்கொள்ளச் சொல்பவரின் ஆலோசனையை இன்னொருவரிடம் காட்டிக் கேட்பது நியாயம்.

காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்கு வருமான விபரத்தோடும் கிராம அலுவலர் கடிதத்தோடும் போங்கள். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு அரச செலவில் ஒருவரை நியமிப்பார்கள். நீதவான் மன்றில் அப்படித் தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

சட்டத்தரணியை மாற்ற நினைத்தால் குற்றவியல் வழக்கில் அது கடினமில்லை. குடியியல் வழக்கைப் போல புறொக்சியை (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம்) நீக்கிப் புதிதாகப் போட வேண்டியதில்லை. பழையவருக்குச் சொல்லி, கணக்கை முடித்து, கோவையை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுங்கள். அதைத் தவணைக்கு முதல்நாள் இரவு செய்தால் புதியவர் வாசிக்காமலே மன்றில் நிற்பார்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் மேல் நீதிமன்றத்துக்கான மேன்முறையீட்டு மனுவை 14 நாட்களுக்குள் அதே நீதவான் மன்றில் கொடுக்க வேண்டும். மேன்முறையீடு முடியும்வரை வெளியே இருக்கப் பிணை தனியாகக் கேட்க வேண்டும். தீர்ப்பு நாளன்றே சட்டத்தரணியோடு இதைக் கதைத்து, மேன்முறையீட்டை அவரே செய்வாரா, கட்டணம் எவ்வளவு, வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு யார் விண்ணப்பிப்பது என்று மன்றை விட்டு வெளியேற முன் முடிவுசெய்துகொள்ளுங்கள்.