ஊர் நினைவுக்கல்லுக்குப் பெயர் சேர்ப்பது எப்படி

போர் நினைவுக்கல் வைக்கப் பணம்கூடச் சேர்ந்துவிடும், பெயர்தான் சேராது. பர்மாவில் தான்பியூசயாத் ஊர்ப் பக்கம், இரண்டாம் உலகப் போரில் செத்த நம் ஆட்களுக்காக எங்கள் கோயில் வாசலில் வைக்கப்போகும் கல்லுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பட்டாளத்தில் இறந்தவர்களைத் தேடுங்கள், அது சுலபம். ரங்கூனுக்கு வடக்கே தௌக்சானில், கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அங்கேயே, தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே தேடலாம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். எழுத்துதான் தலைவலி. ஆறுமுகத்தை அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் நான்கைந்து விதமாக அடித்துப் பார்க்க வேண்டும், அப்புறம் ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அப்பா பெயரும் சொந்த ஊரும் குறிப்பில் இருந்தால் தப்பித்தோம். திருநெல்வேலி, தின்னவெல்லி என்றுதான் இருக்கும். படை எண் கிடைத்தால் உடனே எழுதி வையுங்கள்.

கஷ்டம் இனிமேல்தான். 1942-43இல் ஜப்பான்காரன் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வதைத்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை நம் தான்பியூசயாத்தில்தான் வந்து சேர்ந்தது. இங்கே இருக்கும் போர்க் கல்லறையில் காமன்வெல்த் படையினர் 3,149 பேர், டச்சுக்காரர் 621 பேர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிவந்த தமிழர்களும், 'வியர்வைப் படை' என்று ஊர் ஊராகப் பிடித்த பர்மாக்காரர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அவர்களுக்கு இப்படி வரிசைக் கல் கிடையாது. இவர்களை எந்த இணையதளத்திலும் தேடிப் பயனில்லை, வீடு வீடாகப் போக வேண்டியதுதான்.

போனதும் "ரயில் பாதையில் யார் செத்தார்கள்?" என்று கேட்காதீர்கள், பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "ஆடி அமாவாசைக்கு யார் யாருக்குப் படையல் போடுகிறீர்கள் பாட்டி?" என்று ஆரம்பியுங்கள். செத்த நாள் தெரியாததால் அமாவாசையில் கும்பிடும் ஆள் ஒருவர் அதில் இருப்பார், பேச்சு தானாக அங்கே போகும். 'கறுப்பன், சின்னம்மா மகன்' என்று மட்டும் சொன்னால் அப்படியே எழுதுங்கள், நீங்களாக முதலெழுத்து சேர்க்க வேண்டாம்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் பெயர்களைக் கல்லின் அளவுக்குக் காகிதத்தில் தமிழிலும் பர்மிய எழுத்திலும் எழுதி, இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலில் ஒட்டி வையுங்கள். எங்களுக்கு அப்படித்தான் மூன்று பிழையும் ஒரு புதுப் பெயரும் கிடைத்தன. கீழே நாலு வரி காலியாக விடச் சொல்லுங்கள்.