களிமண் ஃபேஸ் மாஸ்க்: பொருள்களைத் தேடிப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மாஸ்க் செய்யக் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள் இப்போதெல்லாம் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருகிறார்கள். லேபிளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கூகுளில் போட்டு, நல்லது கெட்டது பிரித்து, பக்கத்தில் டிக் அடித்து. அவ்வளவு உழைத்தும், இந்த வேலையில் பழைய ஆட்கள் எல்லோரும் ஆரம்பத்தில் விழுந்து எழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். பேட்ச் டெஸ்ட், காலாவதித் தேதி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முன்பக்கத்தை வைத்து மண்ணை முடிவு செய்வது

டப்பாவின் முன்னால் சாக்கடல் மண் என்று பெரிதாகப் போட்டிருக்கும். திருப்பிப் பாருங்கள். உள்ளே சாக்கடல் மண் இருந்தால், பொருள் பட்டியலில் அது 'மாரிஸ் லைமஸ்' அல்லது 'சில்ட்' என்று வரும். 'மாரிஸ் சால்' என்று மட்டும் இருந்தால் அது உப்பு, மண் இல்லை. அப்புறம் அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும், ஆனால் 1 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எந்த லேபிளும் சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவை (கெடாமல் காக்கும் பொருள்) 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை, அதனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் கம்மியோதான். மண் அங்கே இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது கயோலின் என்ற சாதாரண வெள்ளைக் களிமண்ணுக்கும் தண்ணீருக்கும்.

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தேடுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது, காரணம் இதில் போவது மற்றவர்களின் முகம்.

வகுப்புக்கு வந்த ஒரு பெண், கெட்டிக்காரர், பென்டோனைட் களிமண், முல்தானி மெட்டி, பன்னீர், கற்றாழை ஜெல், சோடியம் பென்சோயேட் வைத்து ஒரு மாஸ்க் தயாரித்தார். ஐந்துக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு. பென்டோனைட் எண்ணெயை உறிஞ்சும், சரி. கற்றாழை இதமானது, சரி. சோடியம் பென்சோயேட் ஊறுகாயிலும் ஜூஸிலும் போடுகிற பிரிசர்வேட்டிவ், பாதுகாப்பானது, அதுவும் சரி. எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தீபாவளிக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாக விற்றார். சில வாரத்தில் மூடிகள் உப்ப ஆரம்பித்தன, திறந்தால் குட்டை நாற்றம். வாங்கியவர்களில் ஒருவருக்குக் கன்னம் முழுக்கச் சீழ்க்கொப்புளம்.

மீந்திருந்த பாட்டிலில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தோம் (7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்), 8-க்கு மேல் காட்டியது. அவ்வளவுதான் விஷயம். சோடியம் பென்சோயேட் கிருமியைத் தடுப்பது அமிலத்தில்தான். பிஎச் 4.2-ல் அதில் பாதி வேலை செய்யும் வடிவில் இருக்கும், 8.2-க்கு ஏறினால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். ஊறுகாயும் ஜூஸும் புளிப்பு, அங்கே அது காவல் காக்கும். பென்டோனைட்டைத் தண்ணீரில் கரைத்தால் பிஎச் 9-ஐயே தாண்டக்கூடியது. ஆக அந்தப் பாட்டிலில் இருந்தது ஈர மண், கிருமிக்குத் தீனியாகக் கற்றாழை, பெயரளவுக்கு ஒரு பிரிசர்வேட்டிவ். போதாததற்குக் களிமண்ணின் தட்டுகள் முகத்து எண்ணெயை மட்டும் பிடிப்பதில்லை, சில பிரிசர்வேட்டிவ்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணோடு பூமியிலிருந்தே வரும் பாக்டீரியா வித்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் 'சோடியம் பென்சோயேட் நல்லதா கெட்டதா' என்று தேடினால் முன்னால் வந்து நிற்காது. 'எந்த பிஎச்-ல் வேலை செய்யும்', 'களிமண்ணோடு சேர்ந்தால் என்ன ஆகும்' என்று தேட வேண்டும். வாங்குபவர்களும் இதையே கேட்கலாம்: பட்டியலில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் அதைக் காப்பது எது?

சிட்ரிக் ஆசிட் போட்டு பிஎச்-ஐ இறக்கிவிட்டேன் என்பார்கள். கலந்த உடனே அளந்தால் இறங்கினதாகத்தான் காட்டும், மண் மெதுவாக அதை மறுபடி ஏற்றிவிடும், மறுநாளும் அடுத்த வாரமும் அளந்து பாருங்கள். நாற்றம் இல்லையே என்பதும் சான்று இல்லை, வாசனையோ நிறமோ மாறாமலே கிருமி பெருகியிருக்கலாம். ஈரமான மாஸ்க்கை விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் சேலஞ்ச் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும்: வேண்டுமென்றே கிருமியை விட்டு, 28 நாள் வரை அது அழிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாதா? காய்ந்த பொடியாக விற்றுவிடுங்கள், வாங்குபவர் அன்றன்றைக்குக் குழைத்துக்கொள்ளட்டும். முல்தானி மெட்டி நாட்டு மருந்துக் கடைகளில் காலங்காலமாகப் பொடியாகவும் கட்டியாகவும் இருப்பது சும்மா இல்லை.

வைட்டமின் ஈ போட்டிருக்கிறேன், கெடாது

அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். கிருமியைத் தொடாது.

மண்ணின் பெயரைத் தேடிவிட்டு மூட்டையை விட்டுவிடுவது

பென்டோனைட் என்ற பெயர் கனிமத்தைத்தான் சொல்கிறது, உங்கள் கையில் இருக்கும் மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் குஜராத்தின் கச்சிலிருந்தும் ராஜஸ்தானின் பார்மரிலிருந்தும். அதே மண் போர்வெல் போடவும் வார்ப்படத் தொழிலுக்கும் போகிறது, கிலோ கணக்கில் மலிவாகக் கிடைப்பது அந்தத் தரம்தான். ஈயம், ஆர்சனிக் அளவு மண்வெட்டும் இடத்துக்கு இடம் மாறும். 2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சந்தையில் இருந்த சில பென்டோனைட் பொடிகளில் ஈயம் அதிகம் என்று எச்சரித்தது. விற்பவரிடம் அந்த மூட்டையின் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். 'எல்லா பேட்சும் ஒன்றுதான் மேடம்' என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

'கெமிக்கல் ஃப்ரீ'

கயோலினே ஒரு கெமிக்கல். லேபிளில் அடுத்த வரியைப் படியுங்கள்.

நிறத்தை நம்புவது

பச்சைக் களிமண் என்று வாங்கும் மாஸ்க்கின் கடைசி வரியில் சிஐ 77288 என்ற நிறமி எண் இருந்தால் அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு, சிவப்புக் களிமண் என்று வாங்குவதில் சிஐ 77491 இருந்தால் அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. இரண்டும் அழகுப்பொருள்களில் அனுமதிக்கப்பட்டவை, அதற்காகப் பயந்து தூக்கிப் போட வேண்டாம். ஆனால் வெள்ளைக் கயோலினில் சாயம் கலந்து பச்சை மண் விலைக்கு விற்கிறார்களா என்று பார்க்க, பட்டியலில் பச்சை மண்ணின் கனிமப் பெயரான 'இல்லைட்' அல்லது 'மான்ட்மொரில்லோனைட்' இருக்கிறதா, முதல் சில இடங்களுக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள்.