சென்னைப் புதர்க்காட்டில் காலை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வாசலிலேயே நடந்துவிடுகிறது. கிண்டி சிறுவர் பூங்காவும் கிண்டி தேசியப் பூங்காவும் ஒன்று என்று நினைத்துக் குடும்பத்தோடு வந்து நிற்கிறார்கள். சிறுவர் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தால் போகலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதன் பின்னால் இருக்கும் காடு, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுமார் 270 ஹெக்டேர் நிலம். வனத்துறை அனுமதியில்லாமல் அதற்குள் கால் வைக்க முடியாது. மேடவாக்கத்துக்கு அருகிலுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டில் பல இடங்களில் சுவரே இல்லை என்பதால், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நுழைகிறவர்கள் உண்டு. அதுவும் வனச் சட்டப்படி குற்றம்தான். அனுமதி, அலைச்சல் எதுவும் வேண்டாம், முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்றால் வண்டலூர் போங்கள். அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. கூண்டுகளை விட்டுவிட்டு நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தாலே ஒரு புதர்க்காட்டுக்குள் நடப்பது தெரியும். அங்கும் செவ்வாய் விடுமுறை. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்குப் போவதாக இருந்தால், பார்வையாளர் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சபையின் பெரிய ஆலமரத்தில் ஊஞ்சலாட நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இன்று மரம் நிற்பதே விழுதுகளை நம்பித்தான்.

இரண்டாவது தவறு எதிர்பார்ப்பில் இருக்கிறது. காடு என்றால் வானளாவிய மரம், ஓடை, குளிர்ச்சி என்று மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர், இடுப்பளவு முள்ளைப் பார்த்ததும் "வெறும் முள்ளுக்காடு" என்று அரைமணியில் திரும்பிவிடுகிறார். சோழமண்டலக் கரையின் இயற்கையான காடே இப்படித்தான் இருக்கும். களா, காரை, சூரை, குருந்து எல்லாம் குட்டையாகவும் நெருக்கமாகவும் வளரும். இலைகள் தடித்திருக்கும், கோடையிலும் பல செடிகள் பச்சை மாறாது. இடையிடையே இருக்கும் வெற்றுப் புல்வெளியும் வீணான இடமல்ல. வெளிமானுக்கு வேண்டியது அந்த வெளிதான். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடித் தப்பும் விலங்கு அது. நல்லெண்ணத்தில் அங்கே மரம் நட்டால், நிழலில் மேயும் புள்ளிமானுக்கு வாழ்வு, வெளிமானுக்குக் கேடு. அதனால் மரத்தடியில் தேடாமல், புல்வெளியும் புதரும் சந்திக்கிற ஓரத்தில் நில்லுங்கள். வேகமும் முக்கியம். மெரினாவில் நடக்கிற மாதிரி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் ஒன்றும் கண்ணில் படாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் போதும். அவ்வப்போது அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால், ஒளிந்திருந்த கீரியும் கவுதாரியும் தாமாகவே வெளியே வரும்.

நேரம், தண்ணீர்

சென்னையில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கே விடிந்துவிடும். ஆனாலும் ஆண்டு முழுவதும் "ஏழு மணிக்குப் போகலாம்" என்கிறோம். ஜனவரியில் அது சரி. அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணிக்குள் பாதி நடை முடிந்திருக்க வேண்டும். வண்டலூர்போல ஒன்பது மணிக்குத் திறக்கும் இடங்களைக் கோடையில் தவிர்த்துவிட்டு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்வதே நல்லது.

நிழல் இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது இதைவிடப் பெரிய தவறு. அடர்ந்த புதருக்குள் காற்று நின்றுவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. வெட்டவெளியைவிட நிழலில் புழுக்கம் கூடுவது இதனால்தான். ஒரு மணி நேர நடைக்கு ஜனவரியில் ஆளுக்கு அரை லிட்டர், ஏப்ரலில் ஒரு லிட்டர். ஓ.ஆர்.எஸ். கலக்குகிறவர்கள் 21 கிராம் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடுகிறார்கள். அது ஒரு லிட்டருக்கான அளவு. உப்பு கூடினால் தாகம் தீராது, கூடத்தான் செய்யும். பாட்டில் எவர்சில்வராக இருக்கட்டும்.

கால், கை, முள்

ரப்பர் செருப்பில் வராதீர்கள். சீமைக்கருவேல முள் அதை வெண்ணெய்போலத் துளைக்கும். நுனி சதைக்குள் ஒடிந்துகொண்டால் சீழ் பிடிக்கும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, கணுக்காலுக்கு மேல் வரும் சாக்ஸ், முழுக்கால் பருத்திப் பேண்ட், முழுக்கைச் சட்டை போதும்.

சூரைமுள் சட்டையில் மாட்டினால் எல்லோரும் முன்னால் இழுப்பார்கள். அதன் முள் பின்னோக்கி வளைந்த கொக்கி, இழுக்க இழுக்க இறங்கும். ஓரடி பின்னால் வாருங்கள், தானே கழன்றுகொள்ளும். கோடை தொடங்கும்போது பழுப்பு மயிரோடு தொங்கும் பூனைக்காலிக் காயைக் குழந்தைகள் தொட்டுவிடுவார்கள். உடனே தேய்ப்பதும் சொறிவதும்தான் தவறு, சுணை இன்னும் பரவும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்த பிறகு கழுவுங்கள். குண்டுமணி அழகுதான், ஆனால் கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதைக் குழந்தையின் சட்டைப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

நன்மங்கலத்துப் பழைய கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கியிருக்கும் நீரைக் குளமென்று நினைத்து இறங்காதீர்கள். கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக விழும். உள்ளே போனால் கால் ஊன்றவும் கை பிடிக்கவும் இடம் இல்லை. அந்தப் பாறை இடுக்கில்தான் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது, பிளாஷ் போட்டுப் படமெடுப்பதும் கூடாது.

பாம்பு, குரங்கு, மான்

கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். குக்கரில் ஆவி பீறிடுவதுபோலச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, சத்தம் வரும் பக்கத்தைக் கவனித்து மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

குரங்குக்குக் கேரி பேக்கின் சலசலப்பு போதும், பாய்ந்து வந்துவிடும். தின்பண்டத்தை டப்பாவில் போட்டு முதுகுப்பைக்குள் வையுங்கள். மானுக்குச் சிப்ஸோ சோறோ கொடுப்பது பாசமல்ல. மாவுப்பொருள் அதன் இரைப்பையைப் புளிக்கவைக்கும். கூடவே போகும் பிளாஸ்டிக் உறை செரிக்காமலும் வெளியேறாமலும் உள்ளேயே தங்கிச் சாகடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத அளவிலான சிற்றுண்ணியின் (மைட்) குஞ்சுகள் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும். மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர்மாதங்களிலும் தமிழ்நாட்டில் இது சாதாரணம். எனவே புல்லில் நேராக உட்காராமல் விரிப்புப் போடுங்கள், சட்டையைக் கழற்றிப் புதர்மேல் காயப்போடாதீர்கள், வீடு வந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்து உடைகளை வெந்நீரில் அலசுங்கள். காய்ச்சல் பெரும்பாலும் பத்து நாள் கழித்தே வரும், அதற்குள் நடை போனதே மறந்திருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், இத்தனை நாள் முன்பு புதர்க்காட்டில் நடந்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.