கார்த்திகையில் பத்து பஸ்கி

ஜிம்முக்கு நான்கு முறை பணம் கட்டியிருக்கிறேன். நான்கும் ஜனவரியில். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு வருடம் அப்படித்தான் ஓடும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து ஆர்டர் சேரும். தீபாவளி கழிந்தால் ராத்திரி வேலை. டிசம்பர் கடைசிப் பார்சல் லாரி ஏறும்போது சட்டைப் பொத்தான் வயிற்றோடு சண்டை போடும். உடனே ஜிம். மறுபடி ஆடி வந்ததும் நின்றுவிடும்.

ஐந்தாம் முறை கட்டவில்லை. எனக்கு இப்போது 49 வயது, உடற்பயிற்சியை விடாமல் செய்ய ஆரம்பித்து ஏழாவது வருடம். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நான் போட்ட திட்டமெல்லாம் ஓய்ந்து கிடக்கும் ஜனவரிக்குப் பொருந்துகிற திட்டம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் வருடத்தை எழுதுங்கள். பள்ளி ஆசிரியருக்குப் பொதுத்தேர்வு நேரம், ஜவுளிக்கடைக்காரருக்குத் தீபாவளி, விவசாயிக்கு அறுவடை. மூச்சுவிட முடியாத அந்த இரண்டு மாதத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதில் படுமோசமான ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கும் எது முடியுமோ அதுதான் உங்கள் அடிப்படைக் கணக்கு. எனக்கு அது பத்து பஸ்கி, பத்து தண்டால். மூன்று நிமிடம்கூட ஆகாது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம். தரையில் தண்டால் வராவிட்டால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டோ சுவரில் கை ஊன்றியோ எடுக்கலாம். சிரிக்காதீர்கள், நானும் சுவரில்தான் ஆரம்பித்தேன்.

இதற்கு எங்கள் ஊர்ச் சரக்கையே சாட்சியாக வைத்தேன். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் பஸ்கி முடிக்காமல் அன்றைய தாளைக் கிழிக்கக் கூடாது என்று ஒரு விதி. ஒருமுறை காய்ச்சலில் படுத்து ஒன்பது தாள் கிழிபடாமல் நின்றது. (காய்ச்சலென்றால் அந்தப் பத்தும் கிடையாது. படுத்துத் தூங்க வேண்டியதுதான்.) "நல்ல நேரம் பார்க்கணும்னா பழைய தேதியைத்தான் பார்க்கணுமா?" என்று மனைவி சத்தம் போட்டு, சமையலறைக்கு வேறொன்று மாட்டிக்கொண்டாள். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்?

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒருநாள் விட்டால் அந்த வாரமே போச்சு என்று உட்கார்ந்துவிடுவேன்.

இனி நல்ல மாதங்களுக்கு வருவோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் பாதிக்கு நான் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. அச்சகம் இரண்டு கிலோமீட்டர். பைக்கை விட்டுவிட்டு நடக்கிறேன், போக 25 நிமிடம், வர 25 நிமிடம். ஆறு நாளில் 300 ஆகிவிடுகிறது. பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அந்த வேகம் சரி. சித்திரை வெயிலில் காலை ஏழுக்குள் கிளம்பி, பொழுது சாய்ந்தபின் திரும்புகிறேன்.

தசைப் பயிற்சியில்தான் நிறையப் பேர் கெட்டுப்போகிறார்கள். நானும்தான். மூன்றாவது ஜனவரியில், சேர்ந்த ஆறாம் வாரம், 80 கிலோ டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக்கம்பியை இடுப்புவரை தூக்குவது. "அண்ணாச்சி, இன்னும் பத்து கிலோ போடுங்க" என்றார் மாஸ்டர். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பலம் சில வாரத்திலேயே கூடிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் அதற்கு ஈடுகொடுக்க மாதக்கணக்கில் ஆகும். 'இன்னும் முடியும்' என்று கை சொல்லும்போது மூட்டு இன்னும் தயாராகியிருக்காது.

இப்போது என் எடைக்கல் ஒரு ரீம் பேப்பர், அதாவது 500 தாள் கட்டு. 23க்கு 36 அங்குல அளவு, 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்), ரீம் ஒன்று 16 கிலோ. செவ்வாயும் சனியும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி, தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி இறக்குவது, தண்டால், முதுகுக்காக, குனிந்து நின்று வாளியை ஒரு கையில் பிடித்து விலாப்பக்கம் இழுப்பது. ஒவ்வொன்றும் மூன்று சுற்று. சுற்றுக்கு எட்டில் தொடங்கி, இரண்டு தடவை தொடர்ந்து பன்னிரண்டு சுலபமாக வந்தால்தான் எடையைக் கூட்டுவேன். இன்னும் இரண்டு முடியும் என்கிற இடத்தில் நிறுத்திவிடுவேன். முதல் மாதம் வெறும் கைதான், எடையே இல்லை. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டு முட்டை, சாயந்திரம் சுண்டல் சேர்த்தேன். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை விடவில்லை, மாதம் இருமுறை. எடை மெஷினில் தினம் ஏறுவதை மட்டும் நிறுத்தினேன். மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்துப் பார்ப்பதோடு சரி.

ஆடி பதினெட்டு வந்ததும் நானாகவே குறைத்துவிடுகிறேன். செவ்வாய் போய் சனி மட்டும். சேர்த்த பலத்தை மேலே கொண்டுபோகத்தான் இரண்டு நாள் வேண்டும், கையில் வைத்துக்கொள்ள வாரம் ஒருநாள் போதுமானதாக இருக்கிறது. ஐப்பசி மழையில் நடையும் போகும். கார்த்திகையில் அந்தப் பத்து மட்டும் மிஞ்சும். ராத்திரி இரண்டு மணிக்கு, பிளேட் மாற்றும் இடைவெளியில், மெஷினுக்குப் பின்னால் நின்று செய்திருக்கிறேன். பைண்டிங் பையன்கள் முதல் வருடம் செல்போனில் படமெடுத்தார்கள். போன வருடம் அவர்களில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று எண்ணினார்கள்.

ஜனவரியில் திரும்பும்போது விட்ட எடையைத் தொடுவதில்லை. அரை ரீம், எட்டு கிலோ, இரண்டே சுற்று. உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை என்பதால் முதல் தடவை போல இழுத்தடிப்பதில்லை. அந்த மாதம் முடிவதற்குள் முழு ரீமுக்கு வந்துவிடுகிறேன்.